ஜூன் முதல் செப்டம்பர் வரை ஈனிட் காரைத் தொடக் கூடாது

கட்கி, புனே.
1998 ஆகஸ்ட், ஞாயிறு ஆராதனை முடிந்த பிற்பகல்.

மதிப்பிற்குரிய மச்சான் ஜெபமணி அவர்கள் சமூகத்துக்கு, தங்கள் தங்கை ஈனிட்டின் கணவன் வால்டர் இரு கையும் கூப்பி எழுதிக்கொள்வது. இரு கையும் என்று மரியாதைக்குச் சொல்கிறேனே தவிர, வலது கை விரல்கள் இன்னும் சரியாக மடங்கவில்லை. காரணம் பின்னால் வரும். பாளையங்கோட்டையில் தாங்களும் அக்காவும் வெயிலில் வாடிக்கொண்டிருப்பதாக எழுதியிருந்தீர்கள். வெயிலைப் பற்றி இனிக் குறை சொல்லாதீர்கள் மச்சான். வெயிலில் எதிரே வருவது லாரியா மாடா என்று தெரிகிறது. அது எவ்வளவு பெரிய கிருபை என்பதை நான் போன வாரம்தான் அறிந்தேன்.

எங்கள் மகள் ஃபேபியோலாவுக்குப் பெண் குழந்தை பிறந்ததும் தாயும் பிள்ளையும் சுகமாயிருப்பதும் உங்களுக்குத் தெரியும். ஈனிட் எஸ்.டி.டி. பூத்திலிருந்து பேசியபோது நான் வெளியே குடை பிடித்துக்கொண்டு நின்றேன். லோணாவளாவிலிருந்து பிள்ளையை எப்படிக் கூட்டிவந்தாய் என்று நீங்கள் கேட்டிருக்க வேண்டும், ஏனென்றால் அவள், “கார்லதான் அண்ணாச்சி. கொஞ்சம் மழையா இருந்துச்சு, மெதுவா வந்துட்டோம்” என்று சொல்லிவிட்டு, உடனே குழந்தையின் மூக்கு யாரைப் போல இருக்கிறது என்கிற விஷயத்துக்குப் போய்விட்டாள். அந்தக் ‘கொஞ்சம்’ என்ற சொல்லுக்குள் என்னவெல்லாம் அடங்கியிருக்கிறது என்பதை உங்களுக்குத் தெரியப்படுத்தவும், அதன்பேரில் உங்களிடமிருந்து ஓர் உத்தரவு பெறவுமே இக்கடிதம். அவள் இந்த உலகத்தில் உங்கள் ஒருவருக்குத்தான் அடங்குவாள்.

நான் கோழை அல்ல என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். இங்கே வெடிமருந்துத் தொழிற்சாலையின் ஸ்டோர்ஸில் என் சர்வீஸ் முழுவதையும் கழித்தவன். சுற்றிலும் வெடிக்கக் கூடிய சாமான்களை வைத்துக்கொண்டு மத்தியானச் சாப்பாட்டை நிதானமாகச் சாப்பிட்டிருக்கிறேன். அங்கே எல்லாவற்றுக்கும் ஒரு விதி உண்டு. தீப்பெட்டியை வாசலில் கொடுத்துவிட வேண்டும். உள்ளே ஓடக் கூடாது. ஒருவன் ‘நில்’ என்று கத்தினால் மற்றவர்கள் நின்றுவிட வேண்டும். மும்பை நெடுஞ்சாலையில் நான் கத்தினால் ஒருவரும் நிற்பதில்லை. ஈனிட்டும் நிற்பதில்லை. ஃபேபியோலா லோணாவளா போர்டிங் ஸ்கூலில் டீச்சராகப் போனபோது, பிள்ளையை நினைத்த நேரம் போய்ப் பார்க்க வேண்டும் என்று ஈனிட் டிரைவிங் கற்றுக்கொண்டதும், பழைய மாருதி ஒன்றை வாங்கி வாசலில் நிறுத்தியதும் உங்களுக்குத் தெரிந்த கதைதான். நான் கற்றுக்கொள்ளவில்லை. ஒரு வண்டிக்குள் பயப்படுகிறவன் ஒருவனாவது சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும் என்பது என் கொள்கை.

அன்று காலையில் ஸ்கூலிலிருந்து பக்கத்து வீட்டுக்குப் போன் வந்தது. ஃபேபியோலாவுக்கு இன்னும் நாள் இருந்தது, அடுத்த வாரம் கட்கிக்கு அழைத்துவருவதாகத்தான் ஏற்பாடு. ஆனால் இரவிலிருந்து தலைவலி, கால் வீக்கம். பார்த்த டாக்டரம்மா, பிரஷர் ஏறியிருக்கிறது, குழந்தையும் தலை திரும்பவில்லை, ஆபரேஷன் தேவைப்படலாம், ரோடு திறந்திருக்கும்போதே புனேவுக்குக் கொண்டுபோய்விடுங்கள் என்று சொல்லியிருக்கிறார். மாப்பிள்ளை அலன் எந்தக் கடலில் இருக்கிறார் என்று அவருடைய கப்பல் கம்பெனிக்கே அன்று தெரியவில்லை. தண்டவாளத்தில் தண்ணீர் ஏறி லோக்கல் ரயில் நின்றுவிட்டது. அங்கிருந்த ஒரே ஆம்புலன்ஸ் வேறு யாரையோ ஏற்றிக்கொண்டு போனது திரும்பவில்லை. டாக்சிக்காரர்கள் வானத்தைக் காட்டிக் கையை விரித்துவிட்டார்கள். நான் போனைக் கையில் வைத்துக்கொண்டு, யாரைக் கூப்பிடலாம், பாஸ்டரைக் கூப்பிடலாமா, பழைய ஆபீசரைக் கூப்பிடலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே வெளியே வண்டி ஸ்டார்ட் ஆகும் சத்தம் கேட்டது. ஈனிட் நைட்டிக்கு மேலே ரெயின்கோட்டை மாட்டிக்கொண்டு ஸ்டீயரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். நான் ஓடிப்போய், இந்த மழையில் உன்னால் முடியாது என்று கண்டிப்பாகச் சொன்னேன். “வாரீங்களா, இருக்கீங்களா?” என்றாள். அவ்வளவுதான் கலந்தாலோசனை.

சிஞ்ச்வட் தாண்டும் வரைக்கும் மழை மழையாகத்தான் பெய்தது. தேஹு ரோடு தாண்டியதும் அது வேறு ஏதோ ஆகிவிட்டது. தண்ணீர் சொட்டு சொட்டாக விழவில்லை மச்சான், யாரோ மேலிருந்து பாயை விரிப்பதுபோல விழுந்தது. வைப்பர் இந்தப் பக்கம் தள்ளிவிட்டு அந்தப் பக்கம் போவதற்குள் கண்ணாடி மறுபடி மூடிக்கொண்டது. இது போதாதென்று உள்ளே இருந்தும் கண்ணாடி வேர்க்கத் தொடங்கியது. எனக்கு ஒரு வேலை கிடைத்தது என்று நான் என் கைக்குட்டையை எடுத்து அவள் முன்னால் குனிந்து சுறுசுறுப்பாகத் துடைத்தேன். அந்தக் கைக்குட்டையால் காலையில் என் தலையின் தேங்காயெண்ணெயை ஒற்றியிருந்தேன் என்பது எனக்கு அப்போது ஞாபகமில்லை. கண்ணாடியில் எண்ணெய் பரவியது. எதிரே வந்த லாரியின் லைட் பூவாணம் விட்டதுபோல நாலாபக்கமும் சிதறியது. ஒரு லாரி இருக்க வேண்டிய இடத்தில் எனக்கு ஏழெட்டு லாரிகள் தெரிந்தன. நான் என்ன சத்தம் போட்டேன் என்று எனக்கே தெரியவில்லை. ஈனிட் ஒரு வார்த்தை பேசாமல் வேகத்தைக் குறைத்து, சிக்னல் போட்டு, சாலையை விட்டு நன்றாக உள்ளே தள்ளி ஒரு டயர் கடை வாசலில் நிறுத்தினாள். பின் சீட்டில் கிடந்த பழைய நியூஸ்பேப்பரைக் கசக்கி, மழைத் தண்ணீரில் நனைத்து, கண்ணாடியை உள்ளும் புறமும் தேய்த்தாள். பிறகு தன் மூக்குக்கண்ணாடியையும் தேய்த்தாள். பிறகு என் பக்கத்து ஜன்னலை நாலு விரல்கடை இறக்கிவிட்டாள்.

“எதுக்கு இறக்குத? நனையுதேன்ல?”

“உள்ள காத்து ஓடணும். இல்லன்னா கண்ணாடி வேர்க்கும். நீங்க கத்துற கத்துலதான் இவ்வளவும் வேர்க்கு.”

“அப்ப மூச்சு விடாம வரட்டுமா?”

“மூச்சு விடுங்க. பேசாதீங்கன்னுதான் சொல்லுதேன்.”

என்னை நீங்கள் அறிவீர்கள். பேசாமல் இருப்பது எனக்குச் சுபாவம் அல்ல. நான் ஜெபம் பண்ணினேன், அதை மட்டும் அவளால் தடுக்க முடியவில்லை.

லோணாவளாவில் ஃபேபியோலா ஸ்கூல் வாசலிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். முகம் ஊதி, கண்ணுக்குக் கீழே நிழல் விழுந்து, என் பிள்ளை எனக்கே அடையாளம் தெரியவில்லை. நான் அங்கேயே அழுதுவிட்டேன். ஈனிட் அழவில்லை. பின் சீட்டில் தலையணைகளை வைத்து அவளை இடது பக்கமாகச் சாய்த்துப் படுக்கவைத்து, டயர்களைச் சுற்றிவந்து காலால் அழுத்திப் பார்த்தாள், முன் லைட்டையும் பின் லைட்டையும் துடைத்தாள். மத்தியான நேரம். ஆனால் வானம் சாயங்காலம்போல இருண்டிருந்தது. “லைட்டைப் போட்டுக்கிட்டே போவோம். நமக்கு வழி தெரியுறதுக்கு இல்ல, மத்தவனுக்கு நம்ம தெரியணும்” என்றாள். இது எனக்குச் சற்று ஆறுதலாக இருந்தது. பிறகு யோசித்துப் பார்த்தால், நமக்கு வழி தெரியாது என்பதையும் அவள் சேர்த்தே சொல்லியிருக்கிறாள்.

திரும்பி வரும்போது கார்லா தாண்டியதும் சாலை முற்றிலும் மறைந்துவிட்டது. இருக்கிறதா இல்லையா என்று சொல்வதற்கில்லை. வெள்ளையாக ஒரு சுவர், அந்தச் சுவருக்குள் எங்கள் லைட் போய் முட்டி அப்படியே திரும்பி எங்கள் முகத்தில் விழுந்தது. ஈனிட் உடனே லைட்டைத் தாழ்த்தினாள். அப்போது கொஞ்சம் தார் தெரிந்தது. கூடவே, முன்னால் இரண்டு சிவப்புப் பொட்டுகளும் தெரிந்தன. ஒரு லாரியின் பின் விளக்குகள். நட்சத்திரத்தைக் கண்ட சாஸ்திரிகளைப்போல எனக்கு மிகுந்த சந்தோஷம் உண்டாயிற்று. “விடாதே, அவன் பின்னாலேயே போ, அவனுக்கு ரோடு தெரியும்” என்றேன். ஈனிட்டுக்கு அது பிடிக்கவில்லை. “அவன் எங்க போறான்னு நமக்குத் தெரியுமா?” என்றாள். “புனேவுக்குத்தான் போவான், வேறே எங்க போவான்?” என்று நான் அடித்துச் சொன்னேன். அவள் நல்ல இடைவெளி விட்டே பின்தொடர்ந்தாள். நான் அந்தச் சிவப்புப் பொட்டுகளை விட்டுக் கண்ணை எடுக்கவேயில்லை. அவை திரும்பின, நாங்களும் திரும்பினோம். குலுங்கின, நாங்களும் குலுங்கினோம். சாலை மோசமாகிவிட்டது என்று நான் அரசாங்கத்தைக் குறை சொன்னேன். பிறகு அவை நின்றன. நாங்களும் நின்றோம்.

“டிராபிக் ஜாம்” என்றேன்.

நிறைய நேரம் நின்றோம். ஒருவரும் ஹாரன் அடிக்காத டிராபிக் ஜாமை இந்த ஊரில் நான் அதுவரை கண்டதில்லை, ஆனால் எனக்கு அது தோன்றவில்லை. பின்னால் ஃபேபியோலா மெல்ல முனக ஆரம்பித்திருந்தாள். திடீரென்று கோணிச்சாக்கைத் தலையில் கவிழ்த்த ஓர் உருவம் என் ஜன்னல் பக்கம் வந்து கண்ணாடியைத் தட்டியது. நான் அலறியதில் ஃபேபியோலா முனகுவதை நிறுத்திவிட்டாள். உருவம் பல்லைக் காட்டிச் சிரித்து, ஈனிட்டைப் பார்த்து மராத்தியில் கேட்டது: “காகூ, ஹே மாஜ கர் ஆஹே. தும்ஹாலா குடெ ஜாய்ச்ச?”

அதாவது, அத்தை, இது என் வீடு, நீங்க எங்க போகணும் என்று.

அந்த மனிதன் பெயர் மாதவ். அவன் லாரியை ஓட்டிக்கொண்டு தன் வீட்டு முற்றத்துக்கு வந்து நிறுத்தியிருக்கிறான். நாங்கள் அவனுக்குப் பின்னால் அவனுடைய வீட்டு முற்றத்தில், அவனுடைய எருமைக்குப் பக்கத்தில், லைட்டைப் போட்டுக்கொண்டு புனேவுக்குக் காத்துக்கொண்டிருந்திருக்கிறோம். வெகு நேரமாக வீட்டுக்குள்ளிருந்து பார்த்துக்கொண்டிருந்தானாம், யாரோ விருந்தாளிகள், வெட்கப்பட்டு இறங்காமல் இருக்கிறார்கள் என்று அவனுடைய அம்மா நினைத்தாளாம்.

அவன் ஏன் வீட்டுக்கு வந்தான் என்று ஈனிட் கேட்டாள். கொஞ்ச தூரத்தில் நெடுஞ்சாலையில் ஒரு சின்னப் பாலம், அதற்கு மேலே தண்ணீர் ஓடுகிறது, அதனால் நிறுத்திவிட்டேன் என்றான். நிலைமையைப் பாருங்கள் மச்சான். பின்னால் லோணாவளாவில் ஆபரேஷன் செய்ய ஆள் இல்லை. முன்னால் தண்ணீர். நடுவில் என் பிள்ளை. மாதவின் அம்மா ஃபேபியோலாவை உள்ளே கூட்டிப்போய்க் கட்டிலில் படுக்கவைத்துக் கம்பளி போர்த்தி, என் கையில் ஒரு டம்ளர் டீயைக் கொடுத்தாள். அதில் பாதி என் சட்டையில் போயிற்று. ஈனிட் டீயைக் குடித்து முடித்துவிட்டு, “வாங்க, அந்தப் பாலத்தைப் பாத்துட்டு வருவோம்” என்றாள். குடையைப் பிடித்துக்கொண்டு மாதவும் நாங்களுமாக மூவரும் போனோம்.

பாலத்தின் இரு பக்கமும் வண்டிகள் வரிசையாக நின்றன. பாலம் தெரியவில்லை. சாலை போய்ப் பழுப்பு நிறத் தண்ணீருக்குள் இறங்கியது, அந்தப் பக்கம் மறுபடி ஏறியது, நடுவில் தண்ணீர் உருண்டுகொண்டு போயிற்று. முழங்கால் ஆழம்கூட இருக்காது என்று பக்கத்தில் யாரோ சொன்னார்கள். இங்கேதான் மச்சான், உங்களுக்கு ஓர் உண்மையைச் சொல்ல வேண்டியிருக்கிறது. வழி முழுக்க ‘மெதுவா, மெதுவா’ என்று கத்திவந்த நான், அந்த இடத்தில் ஈனிட்டின் கையைப் பிடித்து, “போயிருவோம். முழங்கால்தான். பிள்ளைக்கு ஏதாவது ஆயிரும் ஈனிட், போயிருவோம்” என்று கெஞ்சினேன். பயம் ஒரு மனுஷனை உட்காரத்தான் வைக்கும் என்று நினைத்திருந்தேன். தள்ளவும் செய்யும் என்று அன்றுதான் கண்டேன்.

“தண்ணிக்கு அடியில ரோடு இருக்கா?” என்றாள்.

“காலையில வரும்போது இருந்துச்சே.”

“இப்ப இருக்கான்னு கேக்கேன்.”

அப்போது வரிசையிலிருந்து ஒரு ஜீப் விலகி முன்னே வந்தது. ஓட்டினவன் கையை ஆட்டி எல்லோரையும் ஒதுங்கச் சொல்லிவிட்டு இறக்கினான். “பாரு, அவன் போறான் பாரு, அவன் பின்னால போயிருந்தா” என்று நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே ஜீப் நடு வழியில் நின்றது. பிறகு நகர்ந்தது. முன்னால் நகரவில்லை, பக்கவாட்டில் நகர்ந்தது. ஒரு குழந்தை பொம்மைக் காரை விரலால் தள்ளுவதுபோல அவ்வளவு சாவகாசமாகத் தண்ணீர் அதை ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டு போயிற்று. ஓரத்துக் கல்லில் பின் சக்கரம் மாட்டியதால் நின்றது. மாதவும் மற்ற லாரிக்காரர்களும் கயிற்றை வீசி, உள்ளே இருந்தவர்களை ஒவ்வொருவராக இழுத்தார்கள். கடைசியாக வந்தவன் ஓட்டினவன்தான். கரையில் உட்கார்ந்து தன் இரண்டு கையையும் பார்த்துக்கொண்டேயிருந்தான். ஜீப் கொஞ்ச நேரம் கழித்துக் கல்லை விட்டுக் கழன்று போயிற்று.  நான் பிடித்திருந்த ஈனிட்டின் கையை விட்டுவிட்டேன் என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

காத்திருந்தோம். அது என்ன காத்திருப்பு என்று கேட்காதீர்கள். ஃபேபியோலாவுக்கு வலி வந்துவிட்டது. நான் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து என் வலது கையை அவளிடம் கொடுத்திருந்தேன், ஒவ்வொரு தடவை வலி வரும்போதும் அவள் அதைப் பிழிந்தாள். நான் கண்ணை இறுக மூடிக்கொண்டு எனக்குத் தெரிந்த சங்கீதங்களையெல்லாம் சத்தமாகச் சொன்னேன். “டாடி, ப்ளீஸ், மெல்லமா ப்ரே பண்ணுங்க, காட்-க்கு காது கேக்கும்” என்றாள். அவள் தமிழ் உங்களுக்குத் தெரியும். ஈனிட் வாசலுக்கும் பாலத்துக்கும் போய்ப்போய் வந்தாள். மழை கொஞ்சம் தணிந்தது. தண்ணீர் வடிந்து, பாலத்து ஓரக் கற்கள் ஒவ்வொன்றாகத் தலை காட்டின. முதலில் மாதவ் ஒரு கழியை ஊன்றிக்கொண்டு நடந்து பார்த்தான். பிறகு ஒரு லாரி போயிற்று. அரசாங்க எஸ்.டி. பஸ் ஒன்று போயிற்று. “இப்பப் போவோம்” என்றாள் ஈனிட். கணுக்கால் தண்ணீரில், முதல் கியரில், நிற்காமல் குலுக்காமல், நிறைகுடத்தைச் சுமப்பதுபோல வண்டியைக் கொண்டுபோனாள். அக்கரை ஏறியதும் பிரேக்கை மெல்ல மெல்ல அமுக்கி அமுக்கி விட்டாள். என்ன செய்கிறாய் என்று கேட்டதற்கு, நனைந்த பிரேக் பிடிக்காது, காயவைக்கிறேன் என்றாள். பிரேக் பிடிக்காது என்பதை அவள் என்னிடம் சொல்லியிருக்க வேண்டியதில்லை.

காம்ஷேத் தாண்டியதும் மழை மறுபடி பிடித்தது. ஒரு லாரி எங்களைத் தாண்டும்போது ஒரு குளத்தையே வாரி எங்கள் கண்ணாடியில் அடித்துவிட்டுப் போயிற்று, அத்தோடு ஈனிட்டின் பக்கத்து வைப்பரின் ரப்பர் கழன்று வாலைப்போல ஆடியது, பிறகு பறந்துவிட்டது. வெறும் கம்பி கண்ணாடியில் கீச்சுக் கீச்சென்று கோடு போட்டது. நான் எல்லாம் முடிந்தது என்று முடிவு செய்து, ஃபேபியோலாவைப் பார்த்து, அப்பா உனக்கு நல்ல அப்பாவாக இருந்தேனா என்று கேட்டேன். ஈனிட் ஓரம் கட்டி இறங்கி, என் பக்கத்து வைப்பரைக் கழற்றித் தன் பக்கம் மாட்டினாள். ஆகவே அவளுக்குத் தெரிந்தது. எனக்கு முன்னால் இருந்தது வெறும் தண்ணீர். ஒரு மீனின் பார்வையில் உலகம் எப்படி இருக்கும் என்று அறிய விரும்புவோர் என்னைக் கேட்கலாம்.

“இந்தா பாருங்க” என்றாள், வண்டியை எடுக்குமுன். “வலது பக்கம் நான் பாக்கேன். இடது பக்கம் ரோட்டோரம் எனக்கு ஒண்ணுமே தெரியலை. ஜன்னலை முழுசா இறக்கிட்டுத் தலையை வெளிய நீட்டி, ஓரத்து வெள்ளைக் கோடு எங்க இருக்குன்னு சொல்லிக்கிட்டே வரணும். வேற ஒண்ணும் சொல்லக் கூடாது. ஐயோ ஆண்டவரேன்னு சொல்லக் கூடாது. கோடு மட்டும்.”

“நான் சொல்லுறது தப்பாப் போச்சுன்னா?”

“தப்பாப் போகாது. நீங்க பயந்தவங்க. நல்லாப் பாப்பீங்க.”

அப்படியே வந்தோம். முகத்தில் மழை ஆணியாக அடித்தது. நான் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிப் பையில் போட்டுவிட்டு, கையால் கண்ணுக்குக் கூரை இறவாணம்போல மறைத்துக்கொண்டு, ஒரு முழம், அரை முழம், ஒரு முழம், சைக்கிள்காரன், அரை முழம், பள்ளம், என்று சொல்லிக்கொண்டே வந்தேன். வேறொன்றும் சொல்லவில்லை. சொல்ல நேரமும் இல்லை. நான் ‘பள்ளம்’ என்றால் வண்டி விலகியது. ‘ஆள்’ என்றால் மெதுவாயிற்று. மச்சான், முப்பது வருஷத்துக்கும் மேலான இல்லற வாழ்வில் நான் சொன்னதை உங்கள் தங்கை உடனுக்குடன் கேட்டது அன்று ஒருநாள்தான். தளேகாவ், தேஹு ரோடு, சிஞ்ச்வட் எல்லாவற்றையும் நான் ஒரு வெள்ளைக் கோடாகத்தான் பார்த்தேன். பின்னாலிருந்து ஃபேபியோலா ஒரே ஒரு தடவை, “டாடி, யூ ஆர் டூயிங் குட்” என்றாள். அப்போதும் நான் திரும்பவில்லை.

ஆஸ்பத்திரி வாசலில் ஸ்ட்ரெச்சர் வந்து பிள்ளையைக் கொண்டுபோனார்கள். நான் பின்னாலேயே ஓடினேன். உள்ளே போன பிறகுதான் ஈனிட் வரவில்லை என்று தெரிந்தது. திரும்பி வந்து பார்த்தால் அவள் இன்னும் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். எஞ்சினை நிறுத்தியிருந்தாள். வைப்பரை நிறுத்தவில்லை, அது ஒற்றையாய் ஆடிக்கொண்டிருந்தது. இறங்கு என்றேன். “விரல் விட மாட்டேங்கு” என்றாள். நான் மறுபக்கம் போய் ஒவ்வொரு விரலாகப் பிரித்தெடுத்தேன். என் கை மடங்கவில்லை, அவள் கை நிமிரவில்லை, அந்த வேலை முடிய நேரமாயிற்று. கை பனிக்கட்டி மாதிரி இருந்தது.

“உனக்குப் பயமே இல்லைன்னுல்லா நினைச்சேன்” என்றேன்.

“பயமில்லாமலா? காலையில கிளம்புனதுலருந்து பயம். உங்களுக்குப் பேசப் பேசப் பயம் குறையுது. எனக்குப் பேசினா ரோடு தெரிய மாட்டேங்கு, அதான் பேசலை” என்றாள். அப்புறம் என் தோளில் சாய்ந்து அழுதாள். ஆஸ்பத்திரி வாட்ச்மேன் வந்து, வண்டியை நகர்த்துங்கள், வழியில் நிற்கிறது என்றான். எனக்கு ஓட்டத் தெரியாது என்று அவனிடம் சொன்னேன். இதைச் சொல்ல எனக்கு அதுவரை வெட்கமாக இருந்ததில்லை.

ஆபரேஷன்தான் நடந்தது. பிள்ளை பிழைத்தாள், பேத்தி பிறந்தாள். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் என்று டாக்டர் ஆரம்பித்த வாக்கியத்தை முடிக்க வேண்டாம் என்று நான் கேட்டுக்கொண்டேன்.

ஆகவே மச்சான், என் விண்ணப்பம் இதுதான். இப்போதெல்லாம் நான் கண்ணை மூடினால் ஜீப் பக்கவாட்டில் நகர்கிறது. மழை ஓட்டில் விழும் சத்தம் கேட்டாலே என் இடது கை தானாக ஏதாவது பிடியைத் தேடுகிறது. நேற்று ராத்திரி ஈனிட்டின் கொண்டையைப் பிடித்துவிட்டேன். எனக்கு இருப்பது ஒரு மனைவி. ஜூன் முதல் செப்டம்பர் முடிய அவள் காரைத் தொடக் கூடாது என்று தாங்கள் தலைமையாசிரியர் தோரணையில், கனத்த எழுத்தில், ஓர் உத்தரவு எழுதி அனுப்ப வேண்டுகிறேன். நான் கேட்டு எழுதியதாகத் தெரிய வேண்டாம். ஒரு சொப்பனம் கண்டதாக எழுதலாம்.

அக்காவுக்கு என் நமஸ்காரமும், பிள்ளைகளுக்கு இந்தப் புதுத் தாத்தாவின் ஆசீர்வாதமும். உங்கள் ஊர்ச் சாலைகள் எப்போதும் உலர்ந்திருக்கவும், எங்களுக்கு உங்கள் ஜெபத்தில் ஒரு பங்கு கிடைக்கவும் வேண்டி முடிக்கிறேன்.

தங்கள் கீழ்ப்படிதலுள்ள,
வால்டர்

பி.கு.: மேலே கண்டதை மடித்து உறையில் போடும் சமயம் மாடிவீட்டு விசாலாக்ஷி மாமி ஓடிவந்தார். அவர் கணவர் சந்திரமௌலி சார் மொட்டை மாடியில் துணி எடுக்கப் போனவர் பாசியில் வழுக்கி விழுந்து எழுந்திருக்க முடியாமல் கிடக்கிறார் என்று. வெளியே பேய் மழை, தெருவில் ஒரு ரிக்‌ஷா இல்லை. ஈனிட் குழந்தையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். நான்தான் போய், “ஈனிட், வண்டியை எடு” என்றேன். சொன்ன பிறகுதான் சொன்னது நான் என்று தெரிந்தது. சாவியையும் நான்தான் அரிசி டப்பாவுக்குள்ளிருந்து எடுத்துக் கொடுத்தேன். அது அங்கே எப்படிப் போயிற்று என்று அவள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. சாருக்கு இடுப்பு எலும்பில் விரிசல் மட்டும்தான், படுக்கையில் இருந்தால் சேர்ந்துவிடும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். ஆகையால் மச்சான், அந்த உத்தரவை எழுத வேண்டாம். எழுதியிருந்தால் கிழித்துவிடுங்கள். சொப்பனமும் காண வேண்டாம். இதைத் தபாலில் சேர்த்துவிட்டு வருகிறேன் என்று இப்போது செருப்பை மாட்டினேன். பெட்டி தெருமுனையில்தான் இருக்கிறது, நடந்தே போய்விடலாம். “இந்த மழையிலயா நடக்கப் போறீங்க? விழுந்து கிடக்கவா?” என்று ஈனிட் வண்டிக்குள்ளிருந்து ஹாரன் அடிக்கிறாள். ஏறப் போகிறேன்.